எவர் எழுதிய ஓலை?

திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வழக்கு நடந்ததாகப் பெரியபுராணம் பேசுகிறது. மணக்கோலத்தில் இருந்த இளைஞன் ஒருவனை நோக்கி, முதியவர் ஒருவர், நீ எனக்கு அடிமை என்கிறார். சான்று என்ன என்று கேட்டால் ஓலை ஒன்றை நீட்டுகிறார். அதை எழுதியவன் இளைஞன் அல்லன், அவனுடைய பாட்டன்! பாட்டன் எழுதிக் கொடுத்தான், ஆகவே பேரன் அடிமை. இளைஞன் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறான். மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். அவை கூடுகிறது. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்ந்து, கையெழுத்தோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்திருக்கின்றன, தீர்ப்பு முதியவர் பக்கம். சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட கதை இது.

அந்தக் கதையின் பக்திச் சுவையை எடைபோட நாம் வரவில்லை. அதில் புதைந்து கிடக்கும் கேள்வியையே நாடி வந்தோம். தன் கை எழுதாத ஓலைக்கு ஒரு மனிதன் கட்டுப்பட வேண்டுமா? பழங்கதை என்று இக்கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. ஏனெனில், அதே பெண்ணையாற்றுப் படுகையில், அதே நெல்வயல்களின் நடுவே, இன்றும் குழந்தைகள் மீது இப்படியோர் ஓலை நீட்டப்படுகிறது.

ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். ஏழு வயது. வாய்ப்பாட்டை ஒப்பிப்பான், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வான். ஒரு மழைக்கால இரவில் காய்ச்சல் காண்கிறது. தலைவலி, வாந்தி, பின்னர் வலிப்பு, நினைவிழப்பு. மருத்துவமனையில் பல நாள் போராட்டம். உயிர் பிழைத்துவிட்டான்! வீடு மகிழ்கிறது, ஊர் மகிழ்கிறது. ஆனால், பள்ளிக்குத் திரும்பியவன் பழைய பிள்ளையாக இல்லை. நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை. ஒரு கணக்கை முடிக்கும்வரை கருத்து நிலைப்பதில்லை. காரணமின்றிச் சினக்கிறான், காரணமின்றி அழுகிறான். ஊர் என்ன சொல்கிறது? "எல்லாம் முற்பிறவிப் பயன்!" தாயின் காதுபடவே சொல்கிறது. காய்ச்சல் அவளிடமிருந்து பிள்ளையின் பாதியைப் பறித்தது; ஊரின் சொல் மீதிப் பாதியையும் பறிக்கப் பார்க்கிறது.

இந்த நோய்க்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, வழித்தடம் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பர். 1935ஆம் ஆண்டில் டோக்கியோவில், இந்நோயால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து இதன் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக மனிதரிடம் அறியப்பட்ட இடம் நம் வேலூர், ஆண்டு 1955. கொக்கும் நாரையும் இந்த வைரஸைத் தாங்குகின்றன. பன்றியின் உடலில் அது பெருகுகிறது. நீர் தேங்கிய நெல்வயலில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதனிடம் கொண்டு சேர்க்கிறது. ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்கு இது தொற்றுவதில்லை. பழைய தென்னார்க்காட்டுச் சீமை இந்நோயை நன்கறிந்த நிலம். நமக்குச் சோறிடும் வயலே கொசுவுக்கும் தொட்டிலாகிறது!

இனி, வினை என்னும் ஓலையை அவையில் வைத்துப் பார்ப்போம். இந்த வைரஸ் உடலில் புகுந்தவர்களில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவரே கடுமையாக நோயுறுகிறார் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மற்றவர்கள் தமக்குத் தொற்று வந்ததையே அறியாமல் நடமாடுகின்றனர். அப்படியாயின், 249 பேரின் வினையை மன்னித்துவிட்டு ஒரு குழந்தையின் வினையை மட்டும் கணக்குப் பார்த்த கணக்கன் யார்? 2006ஆம் ஆண்டு முதல், இந்நோய் மிகுந்த மாவட்டங்களின் குழந்தைகளுக்கு இந்தியாவில் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. விழுப்புரம் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. ஊசி போட்டுக் கொண்ட குழந்தையை நோய் அணுக அஞ்சுகிறது. ஊசி முனையில் முற்பிறவிப் பாவம் கரைந்துவிட்டதா? பெரியம்மையை அன்னையின் சீற்றம் என்று அஞ்சினோமே. 1975ஆம் ஆண்டோடு அது இந்திய மண்ணை விட்டே மறைந்தது. அன்னை தணிந்தாளா, அம்மைப்பால் வென்றதா?

வெண்ணெய்நல்லூர்க் கதையின் அவையோர்கூட, வாய்ச்சொல்லை நம்பித் தீர்ப்புச் சொல்லவில்லை. ஓலையைக் காட்டு என்றார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள். வினை என்று பழிப்போரிடம் அந்த அளவு சான்றையேனும் நாம் கேட்க வேண்டாமா? கையெழுத்தும் இல்லை, ஓலையும் இல்லை, எழுதியவனும் இல்லை; கடன் மட்டும் குழந்தையின் தலையில்!

இதுவரை தோழர்கள் தலையசைத்திருப்பீர்கள். வினைக் கொள்கையை மறுப்பது நமக்குப் பழகிய பாதை. ஆனால், இதற்கு மேல்தான் நமக்கே வலிக்கும் கேள்வி காத்திருக்கிறது.

அச்சிறுவனுக்கு நேர்ந்தது என்ன என்பதை இன்னும் சற்று உற்று நோக்குவோம். நோயுற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை அறிவிலோ, நடத்தையிலோ, உடல் இயக்கத்திலோ நிலையான ஊறு பெறுகின்றனர். சிலர் பேச்சிழக்கின்றனர், சிலரை வலிப்பு தொடர்கிறது. இவர்களை உலகம் கண்டுகொள்கிறது. வெளிக்குத் தெரியாத காயம் பெற்றவர்களின் நிலைதான் பெரிதும் இரங்கத்தக்கது. நன்றாக நடப்பான், நன்றாகப் பேசுவான். புதியதை நினைவில் இருத்தும் ஆற்றலும், கவனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றலும், விரைந்து சிந்திக்கும் ஆற்றலும் மட்டும் குன்றியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை. இளமையில் பட்ட காயம் அன்றே முழுதும் தெரிவதில்லை. இரண்டாம் வகுப்பின் எளிய பாடத்தை எப்படியோ கடந்துவிடுகிறான். ஆறாம் வகுப்பில், எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்து நிற்கும் கணக்கில், நீண்ட பாடத்தின் சாரத்தைத் தன் சொல்லில் எழுத வேண்டிய கட்டத்தில், கால் இடறுகிறது. அதற்குள் காய்ச்சலை எல்லாரும் மறந்துவிட்டனர். ஆசிரியர் புதியவர், அவருக்கு அந்தக் கதையே தெரியாது. அவர் காண்பது எழுதாத வீட்டுப்பாடத்தை, அவர் சொல்வது, "சோம்பேறி!" உடன் படிப்பவர்கள் சூட்டும் பட்டம், "மக்கு!" உழைத்தும் தோற்பவனை உழைக்காதவன் என்று தண்டிப்பது எந்த நீதியில் அடங்கும்?

அறிவு மட்டுமா? குணமும்தான். முதல் உலகப் போரின் காலத்தில் வேறொரு மூளை நோய் ஐரோப்பாவில் தோன்றி உலகெங்கும் பரவியது. 1917இல் வியன்னா நகர மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ அதை விளக்கி எழுதினார். உறக்க நோய் என்றார்கள். அதிலிருந்து மீண்ட குழந்தைகளில் பலர் மாறிப் போயினர். அடக்கமாக இருந்தவர்கள் அடங்காதவர்களாயினர். பொய்யும் திருட்டும் அடிதடியும் அவர்களிடம் தோன்றின. கெட்ட பிள்ளைகள் என்று முதலில் வைதவர்கள், பின்னர் உண்மை உணர்ந்து, இவர்கள் நோயாளிகள் என்றனர். ஒழுக்கம் என்று நாம் போற்றும் பொருளும் மூளையின் நலத்தைச் சார்ந்தே நிற்கிறது என்பதை அந்தக் குழந்தைகள் உலகுக்குக் கற்பித்தனர், தம் வாழ்வையே விலையாகக் கொடுத்து!

ஆகவே, நம்மையே நாம் கேட்டுக்கொள்வோம். வினை என்னும் ஓலையைக் கிழித்தெறிந்த நாம், தேர்ச்சி அட்டை என்னும் ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டு, இவன் திறமையற்றவன், இவன் தகுதியற்றவன் என்று தீர்ப்புரைக்கிறோமே, இது மட்டும் நீதியா? குலத்தின் பெயரால் தகுதி பேசியவர்களை எதிர்த்து நின்றவர்கள் நாம். மதிப்பெண்ணின் பெயரால் தகுதி பேசும்போது ஏன் மௌனம் கொள்கிறோம்? ஒரு கொசுவின் கடியில் போய்விடக்கூடியது அந்தத் தகுதி என்றால், அது நம் பெருமையாவது எவ்வாறு? அந்த இரவு அக்கொசு பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தால், இந்தக் கட்டுரையை நாம் எழுதியிருக்கவும் மாட்டோம். நீங்கள் படித்திருக்கவும் மாட்டீர்கள்.

இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. மனிதனை மனிதனாக்குவது பகுத்தறிவு என்று மேடைதோறும் முழங்குகிறோம். அறிவு குன்றிய குழந்தை, அப்படியானால், குறைந்த மனிதனா? ஆம் என்று சொல்ல நம் நா எழாது, எழவும் கூடாது. இல்லை என்றால், நம் முழக்கத்துக்கு நாம் கொண்ட பொருள் என்ன?

நாம் கொள்ளும் பொருள் இதுதான். பகுத்தறிவு, மனிதனுக்குச் சூட்டப்பட்ட மகுடம் அன்று; அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. பார்வையுடையவன் பார்வையற்றவனைவிட உயர்ந்தவன் அல்லன்; பள்ளம் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கடமை உடையவன். அவ்வளவே. காரணத்தைக் கண்டறியும் ஆற்றல் எவரிடம் எஞ்சியிருக்கிறதோ, அவர்கள்தாம் அது குன்றியவர்களுக்காகவும் காரணத்தைக் கண்டறிய வேண்டும். அறிவு வலிமையாக இருப்பவன் அறிவு மெலிந்தவனை எப்படி நடத்துகிறான் என்பதில்தான் ஒரு சமுதாயத்தின் பகுத்தறிவு அளக்கப்படும்.

முயற்சிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அளவுகோல் மாற வேண்டும். எவ்வளவு உயரத்தில் நிற்கிறான் என்று பார்ப்பதோடு, எந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தான் என்றும் பார்ப்போம். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயால் பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர், 1904இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். அவரது மனவுறுதியைப் போற்றும் நாம், 1887இல் அவர் வீட்டுக்கு வந்து, அவரது உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகச் சொற்களை வரைந்த ஆசிரியை ஆன் சல்லிவனை மறந்துவிடக் கூடாது. நோய் அடைத்த கதவுக்கு மாற்றாக வேறொரு கதவைத் திறக்க ஒருவர் வேண்டும். கதவு திறந்தும் எல்லாக் குழந்தைகளும் பட்டம் பெறமாட்டார்கள். பட்டம் பெறாத குழந்தையும் கதவுக்கு உரிமை உடைய குழந்தைதான்!

செய்ய வேண்டியவை நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இந்நோய்க்கு வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை, தடுப்பூசியே வேலி. ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி மற்றொன்று. தாயத்துக் கட்டப் போகும் வழியில் காய்ச்சல் கண்ட குழந்தையின் மணித்துளிகள் வீணாவதைத் தடுப்போம். மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தையின் கதை, வகுப்பு மாறும்போதெல்லாம் ஆசிரியரிடம் சொல்லப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அறிவுத்திறன் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் ஏற்று, 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புடைய குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. அந்தச் சான்றிதழைப் பெற வழியறியாமல் நிற்கும் பெற்றோருடன் நம் மன்றத்து இளைஞர் ஒருவர் நடந்து செல்லட்டும். 40 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும் குழந்தைக்கு அந்த உரிமை கிட்டாது. அவனுக்குப் பொறுமையுள்ள ஆசிரியரும், மாலையில் பக்கத்தில் அமர்ந்து பாடத்தை மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் சொல்லித் தரும் ஒரு தோழனும் வேண்டும். மன்றத்தில் அதற்கு ஓர் இருக்கை இல்லையா? மக்கு என்னும் சொல்லை நம் நாவிலிருந்து நீக்க எந்தச் சட்டமும் தேவையில்லை, இன்றே நீக்கலாம்.

பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டியது கதையில். முற்பிறவி எழுதியதாகச் சொல்லப்படும் ஓலையில் கையெழுத்தே இல்லை என்பதைக் கண்டோம். தேர்ச்சி அட்டை என்னும் ஓலை, குழந்தை இழந்ததைச் சொல்லாமல் எஞ்சியதை மட்டும் எண்ணுகிறது என்பதையும் கண்டோம். அச்சிறுவனுக்கு நாம் எழுதித் தர வேண்டிய ஓலை ஒன்று பாக்கி இருக்கிறது. நீ எவருக்கும் கடன்பட்டவன் அல்லன். நாங்கள் உனக்குக் கடன்பட்டவர்கள் என்று அதில் எழுதுவோம். கையெழுத்தை ஒப்பிட எந்த அவை கூடினாலும், அஞ்சாமல் கையொப்பம் இடுவோம்!