சுண்டலோடு நிற்கட்டும்



வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கு நம் வீடுகளில் கண்டுபிடித்து வைத்திருந்த வழி, பரமபதம். விரதம் இருப்பவருக்குப் பசியும் தூக்கமும் சேர்ந்தே வரும். கூடத்தில் படத்தை விரித்து அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டால், பாம்பு கடித்துக் கீழே இறங்கியவர் போடும் கூச்சலில் யார் தூங்க முடியும்? விடிகிற நேரம்வரை ஆட்டம் ஓடும். வந்தவர்களுக்கு என்ன பலகாரம் செய்வது என்ற கவலை அந்த வீட்டு அம்மாளுக்கு இல்லை. அன்றைக்குச் சாப்பாடே கிடையாதே!

சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு விளையாடுவதை இப்போது அடுக்ககங்களில் ‘கேம் நைட்’ என்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் ஆரம்பித்த வேகத்திலேயே நின்றும் போகிறது. கோளாறு விளையாட்டில் இல்லை, அடுக்களையில் இருக்கிறது. முதல் வீட்டில் சுண்டலும் காபியும். அடுத்த வீட்டுக்காரருக்கு, “நாமளும் வெறும் சுண்டலா குடுக்கிறது?” என்று தோன்றும், போண்டாவும் கேசரியும் ஆகும். மூன்றாவது வீட்டில் பிரியாணி, ஐஸ்கிரீம். நாலாவது வீட்டுக்காரருக்கு மாதக் கடைசி. “இந்த வாரம் ஊருக்குப் போறோம்” என்பார். அப்புறம் அவர் கூப்பிடவும் மாட்டார். மற்றவர் கூப்பிட்டால் வரவும் கூச்சப்படுவார். ஒருவர் கழன்றால் நாலு பேர் ஆட்டம் மூன்று பேர் ஆட்டமாகிவிடும். அத்தோடு சரி.

அதனால் முதலில் கூப்பிடுகிறவர்தான் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும். அரைக் கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டால், எட்டுப் பேருக்குத் தாராளம். வந்தவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தே பழகிய நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் நம் வீட்டுத் தட்டில் ஒரு பண்டம் கூடினால், அடுத்தவர் வீட்டுச் செலவு கூடுகிறது. அதை நினைத்தால் கை தானாக நிற்கும்.

விளையாட்டுக்கும் பெரிய செலவு வேண்டியதில்லை. எட்டுப் பேர் வந்தால் தாயம் போதும். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொள்ளலாம். காய்க்குப் பொத்தான், புளியங்கொட்டை, உடைந்த வளையல் துண்டு எதுவும் ஆகும். இரண்டிரண்டு பேராக நாலு கட்சி. பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் நல்லது. ஆனால் உருட்டினால் டைல்ஸ் தரையில் ணங்கென்று விழும், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். உருட்டுகிற இடத்தில் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுவிடுங்கள்.

ஒரு கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறும் பக்கமும் இருக்கும். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் மொத்தம் ஒன்று வருகிற இரண்டு விதம்தான் தாயம்; அது விழுந்தால்தான் காய் இறங்கும். அதாவது எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இரவெல்லாம் உருட்டியும் காயை இறக்க முடியாத மாமாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார். கட்டையை மாற்று என்பார், இடத்தை மாற்று என்பார், மருமகளை உருட்டச் சொல்லுவார். அந்தக் கூத்துக்காகத்தானே கூப்பிட்டோம்!

விதிகளை மட்டும் காய் இறங்குமுன் பேசிவிடுங்கள். ஒரு காயையாவது வெட்டாமல் உள்ளே போய்ப் பழம் எடுக்க முடியாது என்பது சில வீட்டு வழக்கம். இன்னொரு வீட்டில் அப்படி இருக்காது. மதுரைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்தால் “எங்க ஊர்ல அப்படி இல்லையே” என்பது வந்தே தீரும். எந்த வீட்டில் ஆடுகிறோமோ அந்த வீட்டு வழக்கம்தான் சட்டம் என்று வைத்துக்கொண்டால் வழக்குத் தீர்ந்தது.

கேரம் பலகை புதிதாக வாங்க வேண்டாம். கூட்டத்தில் யார் வீட்டுப் பரண்மேலாவது ஒன்று இருக்கும். இறக்கித் துடைத்துப் பார்த்தால் ஒரு மூலையில் வலை கிழிந்திருக்கும். 19 காயில் சிவப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். வேறு வீட்டுப் பழைய செட்டிலிருந்து ஒரு காய் வாங்கி நகப்பூச்சு தடவினால் ராணி ரெடி. கேரம் சென்னையில் தெருமுனை மன்றங்களில் வளர்ந்த ஆட்டம். சென்னையின் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலகப் பட்டம் வென்றவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அப்படிப்பட்ட விரல்காரர் ஒருவர் உங்கள் கூட்டத்திலும் இருப்பார். பலகையை அவர் ஒருவரே காலிசெய்துவிடாமல், எதிரே ஆடத் தெரியாதவரைக் கூட்டாளியாக உட்காரவையுங்கள்.

பல்லாங்குழி எனக்குப் பிடித்த ஆட்டம்தான், ஆனால் இரண்டு பேருக்குத்தான் ஆகும். பாட்டிக்கும் பேத்திக்கும் ஓர் ஓரமாகப் போட்டுக்கொடுங்கள். ‘டிரேட்’ மாதிரி காசு கொடுத்து வீடு, ஓட்டல் வாங்கும் ஆட்டங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அரை மணியில் திவாலானவர் மிச்ச இரண்டு மணி நேரமும் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார். கைபேசியைப் பிடுங்கி வைப்பதைவிட, எல்லாருக்கும் முறை சீக்கிரம் சுற்றி வருகிற ஆட்டமாகப் பார்த்து வைப்பது மேல்.

எதுவுமே இல்லாத வீட்டில் பாட்டுக்குப் பாட்டு இருக்கிறது. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது அவர்கள் நடத்தியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போதும் எழுத்தைச் சொன்னவுடன் பாட்டை எடுத்துவிடுவார்கள். சுருதி இல்லாதவருக்கும் அதில் இடம் உண்டு.

காசு மட்டும் வைக்காதீர்கள், பத்து ரூபாய்கூட. தோற்ற காசு சின்னதாக இருந்தாலும் மனதில் உறுத்தும். பந்தயம் இல்லாமல் சுவை இல்லை என்பவருக்கு ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை கொடுத்துவிடுங்கள். அதற்கே எவ்வளவு பேரம், எவ்வளவு சத்தியம் நடக்கிறது என்று பாருங்கள்!

பத்து மணிக்கு முடித்துக்கொள்ளலாம். டம்ளர்களைத் தோற்றவர் கழுவ வேண்டும் என்பது பல வீட்டு வழக்கம். ஜெயித்தவர்தான் கழுவ வேண்டும் என்பது என் கட்சி. அவருக்குத்தானே அப்போது தெம்பு இருக்கும். செருப்பு மாட்டும்போதே அடுத்த சனிக்கிழமை எந்த வீடு என்று பேசி முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஏழு கட்டைவிரல் வரும்; தேதி வராது.