விளக்குமாறு பிடித்த படம்

2021 பிப்ரவரி. இரண்டாவது தடவையாக நடமாட்டக் கட்டுப்பாடு. ஜனவரி 20-இல் பள்ளித் தவணை தொடங்கிவிட்டது, ஆனால் பிள்ளைகள் வீட்டில், பாடம் கைத்தொலைபேசியில். என் மனைவி தாதி; விடியற்காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுவார். எனக்கோ வீட்டிலிருந்து வேலை. ஆக, நான்காம் ஆண்டு படிக்கும் மகளுக்கு நான்தான் வாத்தியார்.

நம் நாட்டில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க அமைச்சரின் விலக்கு வேண்டும். அதையும் வாங்கி, விரும்பிச் செய்கிற பெற்றோரின் துணிச்சல் எனக்குக் கிடையாது. எனக்கு வந்தது கோவிட் கொடுத்த உத்தியோகம்.

பசியாறும்போதே கணிதம் தொடங்கியது. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு? மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, "ஆறில் ரெண்டு" என்றாள். தோசையைப் பிய்த்துக் காட்டினேன். "ஆறில் ரெண்டுன்னா மூணில் ஒண்ணு. அரைத் தோசையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் குறைஞ்சு போகுமா?" தட்டையே பார்த்தாள். "முக்கால்" என்று சொல்லிவிட்டுக் கால் தோசையைத் தின்றுவிட்டாள். அன்றைக்கு நான் உருப்படியாக நடத்திய பாடம் அது ஒன்றுதான்.

அடுத்து நன்னெறிக் கல்வி. வீட்டு வேலையில் உதவுவதுபோல் ஒரு படம் எடுத்து, பதினொரு மணிக்குள் புலனக் குழுவில் போட வேண்டும். எனக்குப் பத்தரைக்கு அலுவலகக் கூட்டம். விளக்குமாற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "அப்பா, நான் கூட்டவே இல்லையே?" "சும்மா புடிம்மா." எடுத்தேன், அனுப்பினேன். டீச்சரிடமிருந்து மூன்று கைதட்டல் பொம்மைகள் வந்தன.

வரலாறு சுலபமாகப் போனது. பரமேசுவரா சாய்ந்து நின்றதாகச் சொல்லப்படும் மலாக்கா மரம் நம்ம நெல்லிக்காய் மரம்தான் என்றதும், பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடி வரைக்கும் பேச்சு போய்விட்டது.

மதியம் அறிவியல். ஐந்து நாளைக்கு முன் இரண்டு கிண்ணங்களில் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு போட்டிருந்தோம். ஒன்று சன்னலோரம், ஒன்று அலமாரிக்குள். திறந்து பார்த்தால், இருட்டில் இருந்த பயறுதான் அதிக உயரம்! வெளுத்து, மஞ்சளாக, நெடுநெடுவென்று வெளிச்சத்தைத் தேடிப் போயிருந்தது. சன்னலோரத்துச் செடி குட்டைதான், ஆனால் பச்சையாகத் திடமாக நின்றது. மகளுக்குக் கவலை வந்துவிட்டது. "வெளிச்சத்துல இருக்கிறதுதான் உயரமா வளரும்னு எழுதிடவா? டீச்சர் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதணும்" என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன்.

அவள் அளவுகோலை வைத்து அளந்துகொண்டே கேட்டாள்: "அப்போ அறிவியல்ல நடந்ததைத்தான் எழுதணும், நன்னெறியில நடக்காததை அனுப்பலாமாப்பா?"

"அது சின்ன விஷயம்மா, யாருக்கும் நஷ்டமில்லை" என்றேன். யோசித்தால் உண்மையிலேயே யாருக்கும் நஷ்டமில்லை. டீச்சருக்கு அறிக்கை நிறைந்தது, எனக்கு நேரம் மிச்சம், அவளுக்குப் பாராட்டு. ஆனால் பயறின் உயரத்தை மாற்றி எழுதினாலும் யாருக்கும் நஷ்டமில்லைதானே? அங்கே மட்டும் ஏன் விறைப்பாக நின்றேன்? அந்தப் பொய் அவளுடையதாக இருந்திருக்கும். இந்தப் பொய் என்னுடையது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தருமரின் கதை ஞாபகம் வந்தது. அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கவும் யானை என்பதை மெல்லவும் சொன்னார். தரைக்கு நான்கு விரற்கடை மேலே ஓடிய அவர் தேர் அன்று கீழே இறங்கிவிட்டது. படத்தில் இருந்த பெண்ணும் உண்மை, விளக்குமாறும் உண்மை. தருமருக்காவது போர் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு இருந்தது பத்தரை மணிக் கூட்டம்.

"சரி, இப்போ கூட்டிடு, கணக்கு சரியாயிடும்" என்று சமாதானம் பேசினேன்.

"இப்போ கூட்டினா, காலையில எடுத்த படம் உண்மையாயிடுமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு செய்யும் செயல், முன்பு சொன்ன சொல்லைச் சரியாக்குமா? வாங்கிய கடனைத் திருப்பித் தரலாம், சொன்ன பொய்யை எப்படித் திருப்பித் தருவது? கேட்டவரிடமே போய்ச் சொல்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. அதற்குத்தான் வெட்கமாக இருந்தது. நாற்பது வயசு மனுஷன், ஒரு விளக்குமாற்றுக்காக டீச்சரிடம் மன்னிப்பு கேட்பதா?

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சருக்குத் தனியாகத் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தாள். பத்து மணிவாக்கில் பதில் வந்தது: "பரவாயில்லை சார். நாளைக்குக் கூட்டச் சொல்லுங்க. படம் வேண்டாம்."