தரங்கம்பாடிக் கரையில்

வந்ததிலிருந்து குழந்தைக்கு ஒரே பரீட்சை. "இது என்ன, சொல்லு தங்கம்?" என்று என் அம்மா கடலைக் காட்டுகிறாள், காக்காயைக் காட்டுகிறாள், தட்டில் இருக்கிற வஞ்சிர மீனைக் காட்டுகிறாள். விடுதிக்காரரும் தன் பங்குக்கு ஒன்று கேட்டார். தம்பி மகள் தன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பேத்திக்குத் தமிழ் வராதோ என்று அம்மாவுக்குக் கவலை. தம்பி தலை நிமிராமல் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

*

அவளுக்கு இரண்டரை வயது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வளர்கிறாள். தாயிடம் ஜெர்மன், தகப்பனிடம் தமிழ். எந்த மொழி என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்கிறாள். என்னிடம் ஒருமுறைகூட ஜெர்மன் பேசவில்லை. பேசினால்தானே என்பது வேறு விஷயம். என்னைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி.

என் பிள்ளைகள் அவளை எதுவும் கேட்பதில்லை. "பாப்பா வா, நண்டு வளை தோண்டலாம்" என்றார்கள். போய்விட்டாள்.

*

1706 ஜூலையில் டேனிஷ் மன்னர் அனுப்பிய மதபோதகர் சீகன்பால்கு இந்த ஊரில் வந்து இறங்கினார். ஜெர்மானியர், கொஞ்ச காலம் அவர் படித்ததும் அந்த ஹாலேயில்தான். திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சேறியது. அந்த அச்சகத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ மணலில் உட்கார்ந்ததுதான் பெரிய காரியமாகப் படுகிறது. வளர்ந்த மனிதர், எழுத்துத் தெரியாதவராகச் சிறுபிள்ளைகளுக்கு முன்னால் இருக்கச் சம்மதித்திருக்கிறார். அவர்கள் சிரித்திருப்பார்கள். பெரியவர்கள் சிரித்தால் கற்கிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் சிரித்துவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார்கள்.

*

மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகளுக்குப் பிடித்தது கரையில் கொட்டியிருக்கும் பாறைகள். ஏற விடவில்லை.

*

வெர்னர் லியோபோல்டு என்ற மொழியியலாளர் அமெரிக்காவில் தன் மகள் ஹில்டகார்டின் பேச்சை விடாமல் குறித்துவைத்து, 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். தகப்பன் மட்டும் ஜெர்மன் பேசிய வீடு. ஆங்கிலம் மேலோங்கி, அவளுடைய ஜெர்மன் பின்தங்கியிருந்தது. ஜெர்மனிக்குப் போய்த் தங்கிய சில வாரங்களில் அது சரளமாகிவிட்டது.

தம்பியும் தனியாளாகத்தான் ஒரு மொழியைச் சுமக்கிறான், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கிற நேரத்தில். ஹாலேயில் அவளுக்குத் தமிழ் என்றால் அப்பா மட்டும். அப்பாவின் தமிழ் கொஞ்சும், சோறூட்டும், தூங்கவைக்கும். பொய் சொல்லாது, கையில் இருப்பதைப் பிடுங்காது, கூட்டு சேர்ந்துகொண்டு ஒருத்தரை ஒதுக்காது. அதற்கெல்லாம் அக்காவும் அண்ணனும் வேண்டும்.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் இல்லை. அலை வடிகிற ஒவ்வொரு தடவையும் என் மகன் "நோக்மால்!" என்று கத்துகிறான். மறுபடியும் வரச் சொல்கிறானாம். கடலும் கேட்கிறது.

*

சாயங்காலம் சிவப்பு வாளிக்காகச் சண்டை. அண்ணன் ஒரு பக்கம் இழுக்க, அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னுது! குடு! நீ போ!" என்றாள். வாளி உண்மையில் அவனுடையது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பாயிகிட்ட இன்னொரு தடவை சொல்லுடி" என்று மணலில் தடுமாறி ஓடினாள். குழந்தை அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தன் தாயிடம் திரும்பி ஜெர்மனில் முறையிட ஆரம்பித்தாள். பஞ்சாயத்து இரண்டு மொழியிலும் நடந்தது. வாளி யாருக்கு என்று இன்னும் தீரவில்லை.