பெயர் வேண்டாம் என்பவர்கள்

"பேருக்காகவா வேலை செய்யிறோம்?" இயக்கக் கூட்டங்களில் இதைக் கேட்காத தோழர் இருக்க முடியாது. கேட்கிறவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கும். தாத்தா பேரில் தெரு, அப்பா பேரில் பள்ளிக்கூடக் கட்டடம். இருப்பவன் விட்டால் துறவு. சேரியில் பிறந்தவன் எதைத் துறப்பது?

கட்டற்ற மென்பொருள் உலகத்திலும் இதே கேள்விதான். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு அங்கென்ன வேலை என்பீர்கள். கணினித் திரையில் வரும் சொற்களை யாராவது தமிழாக்க வேண்டுமே. ஜெகதாப்பட்டினத்தில் நானும் ரெண்டு மூணு பையன்களும் ராத்திரியில் அதைச் செய்கிறோம். அதில் ஒருத்தன் பகலில் துறைமுகத்தில் ஐஸ் தூக்குகிறவன். கூலி கிடையாது. மென்பொருளை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. அதனால்தான் அதற்குள் இருக்கிற படிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

டெபியன் என்கிற இயங்குதளத்தை 1993இல் இயன் முர்டாக் தொடங்கினார். தன்னார்வ உழைப்பில் நிற்பது. ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்கு யாருக்கு? 'டெபியன் டெவலப்பர்' என்ற பட்டம் பெற்றவருக்கு. நெடுங்காலம் அந்தப் பட்டத்துக்கான பாதை, மென்பொருளைக் கணினியில் நிறுவும்படி பொதியாகக் கட்டித் தருகிறவர்களை மனதில் வைத்தே போடப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பவர், கையேடு எழுதுபவர், படம் வரைபவர் பெரும்பாலும் வாசலோடு சரி. 2010 அக்டோபரில்தான் பொதி கட்டாதவர்களையும் வாக்குரிமையுள்ள உறுப்பினராக ஏற்கும் தீர்மானம் நிறைவேறியது. பதினேழு வருஷம்! அங்கே பட்டம் என்பது மார்பில் குத்துகிற பித்தளை இல்லை, வாக்குச்சீட்டு.

ஆனால் அவர்களுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'நான்-அப்லோடிங்' டெவலப்பர். பதிவேற்றும் அனுமதி இல்லாதவர். இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பது நமக்குப் புதுசா? வர்ணம் இல்லாதவன் 'அவர்ணன்' என்றவர்கள்தானே. ரெண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது பிறப்பிலேயே ஒட்டியது. இது மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு அனுமதி விவரம். ஆனாலும் பெயர் வைக்கிறவன் எந்த உழைப்பை நடுவில் உட்காரவைத்திருக்கிறான் என்பது தெரிந்துபோகிறது.

பட்டம் என்றாலே விடுதலை என்றும் நம்பிவிட முடியாது. மராட்டியத்தில் மகர்களுக்கு 'வதன்தார்' என்ற பட்டமே இருந்தது. கொஞ்சம் நிலம், கொஞ்சம் தானியம். பதிலுக்கு ராத்திரி பகல் பாராமல் ஊருக்கும் சர்க்காருக்கும் ஊழியம். அதை மாற்றத்தான் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். நம்ம பக்கத்து வெட்டிமைக்கும் பேர் இருந்தது, பேச்சு இல்லை. ஆகவே பட்டத்தை இப்படித்தான் உரசிப் பார்ப்பேன்: இதை வாங்கினால் எந்தக் கூட்டத்தில் வாய் திறக்கலாம்? வேண்டாமென்றால் உதறிவிட்டுப் போகலாமா?

ஒன்றில் இந்த உலகம் நம் ஊரைவிட மேல். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்கிற பதிவேடு, ஒரு மாற்றத்தை எழுதியவர் யார், அதைச் சேர்த்தவர் யார் என்று ரெண்டு பெயரைத் தனித்தனியாக எழுதிவைக்கிறது. கோயில் கல்வெட்டில் தானம் கொடுத்தவன் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

சிக்கல் வேறிடத்தில். டெபியனில் உறுப்பினராக ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவரின் மின்னணுச் சாவியில் உறுப்பினர்கள் கையொப்பமிட வேண்டும்; அதற்கு வழக்கம், நேரில் சந்தித்து அடையாள அட்டையைப் பார்ப்பது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அது தேவைதான், மறுக்கவில்லை. பெங்களூரில் இருக்கிறவனுக்கு அது ஒரு தேநீர் சந்திப்பு. ஐஸ் தூக்குகிறவனுக்கு? 2023இல் விழுப்புரத்தில் டெபியன் சந்திப்பு நடந்தது, அதே ஆண்டு கொச்சியில் உலக மாநாடே நடந்தது. பையன் ரெண்டுக்கும் போகவில்லை. நாள் கூலி போகும் என்றான். மாநாட்டுக்குப் பயண உதவித்தொகை கொடுக்கிறார்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அடுத்த தடவைக்கு அவனோடு உட்கார்ந்து அதை எழுத ஆரம்பித்திருக்கிறோம். "இதுவரை என்ன பங்களித்தீர்கள்" என்ற இடத்தில் அவன் வாக்கியம் வாக்கியமாக எண்ணிக்கொண்டிருக்கிறான்.