யாரைப் பார்க்கணும்?

வடசென்னையின் வியாசர்பாடியில் தெரியாத முகம் ஒன்று தெருவுக்குள் நுழைந்தால், டீக்கடை பெஞ்சிலிருந்தோ வாசற்படியிலிருந்தோ ஒரு கேள்வி வரும்: "இன்னா சார், யாரப் பாக்கணும்?" பெயரைச் சொன்னால் போதும், கேட்டவரே எழுந்து முன்னால் நடந்து, அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். கழுத்தில் கேமராவோடு வருகிறவர்தான் இந்தக் கேள்விக்குத் திணறிப்போகிறார். அவர் யாரையும் பார்க்க வரவில்லை, ஏரியாவைப் பார்க்க வந்திருக்கிறார்.

வடசென்னையைச் சுற்றிப் பார்க்க இப்போது ஆட்கள் வருகிறார்கள். விடிகாலையில் காசிமேட்டு மீன் ஏலம், 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பிள்ளைகள் ஆடும் கால்பந்து எல்லாமே பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் மக்கள் குடியிருக்கும் இடத்தைக் காட்சியாகப் பார்க்க வெளியாளுக்கு எவ்வளவு உரிமை உண்டு? தெரு பொது இடம்தானே, யார் வந்தால் என்ன என்று சட்டம் பேசலாம். வியாசர்பாடித் தெருவில் சற்று நேரம் நின்றவர் அப்படிப் பேசமாட்டார்.

அங்கே ஒற்றை அறை வீட்டுக்குள் அடங்காததெல்லாம் வாசலுக்கு வந்துவிடுகிறது. அடிபம்பு ஓரம் பாத்திரம் விளக்குவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் காற்றுக்காக வாசலில் பாய் விரித்துத் தூங்குவது என்று பாதி வீடு தெருவில்தான் நடக்கிறது. அண்ணா நகரில் இதே வேலைகள் கதவுக்குப் பின்னால் நடக்கின்றன. கதவைத் தட்டாமல் அங்கே உள்ளே போகத் துணியாதவர், இங்கே நைட்டியோடு குடம் தூக்கி வரும் பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுத்துவிடுகிறார். தட்டுவதற்குக் கதவு இல்லை என்பதால் கேட்கும் கடமை தீர்ந்துவிடாது. கதவு இல்லாத இடத்தில் வாயால்தான் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் கேமராவை இறக்கிவிட்டு நகர வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் கிழக்குப் பகுதிக்குப் பணக்காரர்கள் ஏழைகளைப் பார்க்கக் கூட்டமாகப் போனார்கள். மும்பைத் தாராவியில் 2000-களின் நடுவிலிருந்து நடைச் சுற்றுலா நடக்கிறது. அதைத் தொடங்கியவர்கள், வருகிறவர்கள் படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். நல்ல விதி. ஆனாலும் கேமராவை வாங்கி வைத்துவிடலாம், மனத்தில் ஏற்கெனவே எடுத்துவைத்த படத்தை என்ன செய்வது?

வடசென்னையைப் பற்றிய அந்தப் படத்தைப் பல ஆண்டுகளாகச் சினிமா எடுத்துக் கொடுத்திருக்கிறது: அரிவாள், கஞ்சா, கானா. வேலைக்கு விண்ணப்பம் போடும் இளைஞர்கள் வியாசர்பாடி என்று எழுதத் தயங்கி, முகவரியில் 'பெரம்பூர்' என்று போட்டுக்கொள்வது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதி. 2014-இல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் ஹவுசிங் போர்டில் பெற்றோரோடு இருந்துகொண்டு ஐடி கம்பெனிக்குப் போகும் ஒருவனைக் கதாநாயகனாகப் பார்த்தபோது பலர் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அப்படிப்பட்டவர்கள் பக்கத்து வீட்டில் எப்போதும் இருந்தவர்கள்தான். பார்க்க வந்தவர்கள் கண்ணில்தான் படவில்லை.

அப்படியானால் வெளியாள் வரவே கூடாதா? இதற்கு ஆம் என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு இறங்கியது. மீனவர்கள் படகில் உட்கார்ந்து கையாலும் மக்காலும் எண்ணெயை அள்ளி ஊற்றினார்கள். வலை கறுத்தது, கூழைக்கடாவின் இறகு கறுத்தது. அந்த நாட்களில் கேமராவோடு வந்தவர்களிடம், பாருங்க, எடுங்க, காட்டுங்க என்றார்கள் மீனவர்கள். அதே கேமரா அங்கே துணையாக நின்றது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவு அந்த நாட்களில் அங்கே இருப்பவர்கள் கையில் இருந்தது. வியாசர்பாடித் தெருவில் குடம் தூக்கி வந்த பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

வாங்க வருகிறவருக்கும் இந்தத் தடுமாற்றம் குறைவு. காசிமேட்டில் வஞ்சிரத்தை விலை கேட்டு, பேரம் பேசி, பையில் போட்டுக்கொண்டவரை யாரும் முறைப்பதில்லை. பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையிலும் அப்படித்தான். நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் வைக்கிறார். சாப்பிட்டுக் காசு கொடுத்தவர் அந்தக் கடையின் ஆள். வீடியோ சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை பிசைந்து காட்டச் சொல்கிறவர், பின்னால் பசியோடு நிற்கும் சுமை தூக்குகிறவரை நிறுத்திவைக்கிறார். சிறிய விஷயம்தான், ஆனால் யாருக்காக அந்தக் கடை இருக்கிறது என்பதை ஒரு நிமிஷத்தில் அது மாற்றிவிடுகிறது.

அந்த அத்தோ இங்கே வந்த கதை நீளமானது. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பின்னர் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியேறினார்கள். வந்த புதிதில் பலருக்கு இங்கே பார்க்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

இன்று அதே தெருக்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரு அறையை ஆறு பேராகப் பகிர்ந்து தங்கிக்கொண்டு, கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய் வருகிறார்கள். இரவில் வழி தவறி வேறு சந்துக்குள் நுழைந்துவிட்டால் அவர்களிடமும் கேள்வி வருகிறது. அதில் 'சார்' இருப்பதில்லை. "யார்றா நீ, இங்க இன்னா பண்ற?" கேமராக்காரரின் தோரணையைப் பொறுத்துக்கொண்ட அதே பெஞ்சு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கும் பையனைப் பையைத் திறந்து காட்டச் சொல்கிறது. அவனுக்குத் தமிழில் தெரிந்த வார்த்தைகள் நான்கைந்துதான். தங்கியிருக்கும் வீட்டு ஓனர் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறான்.