கொன்றது யார்?

எல்.சி.எம்.வி. என்றொரு வைரஸ். வளர்ந்த எலியின் மூளைக்குள் அதைச் செலுத்தினால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வலிப்பு கண்டு எலி செத்துப்போகும். பழி வைரஸ் மேல்தான் விழும். ஆனால் கதிர்வீச்சாலோ மருந்தாலோ நோய் எதிர்ப்பு சக்தியை முடக்கிவைத்த எலிகள், அதே வைரஸை மூளையில் சுமந்தபடி பிழைத்துக்கொண்டன. அந்த வைரஸோடு ஏற்கெனவே மோதிப் பழகிய, நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களை அவற்றுக்கு ஏற்றியதும் மடிந்தன. திருடன் புகுந்த வீட்டைக் காவலாளியே கொளுத்திய கதை.

அப்படியானால் கொன்றது யார்? இதற்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: 'நான்' எங்கே முடிகிறது, 'பிறர்' எங்கே தொடங்குகிறது?

1930களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் எரிக் டிராப் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். தாயின் வயிற்றிலேயே இந்த வைரஸ் தொற்றிய குட்டிகள், நோய்ப்படாமல், ரத்தத்தில் வைரஸோடு ஆயுள் முழுக்க ஓடித்திரிந்தன. ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட் இதையும் வைத்து 1949இல் துணிச்சலாக ஓர் ஊகம் சொன்னார்: எது 'நான்' என்பதை உடல் வளரும் பருவத்தில் கற்றுக்கொள்கிறது. 1953இல் பீட்டர் மெடாவரின் குழு அதைச் சோதித்துக் காட்டியது. வேற்று எலியின் செல்களைக் கருவிலேயே சந்தித்த குட்டி, பின்னாளில் அந்த இனத்து எலியின் தோலை ஒட்டவைத்தபோது உதறவில்லை. 1960இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆன்மா வேறு, உடல் வேறு என்போருக்கு இதில் சங்கடம் ஏதுமில்லை. உடல்தான் நான் என்போர் பாடுதான் திண்டாட்டம். அந்த 'நான்', யார் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறதே!

மனிதரிலும் இதுதான் நடக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றினால், 10 குழந்தைகளில் சுமார் 9 பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. பெரியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவு. காமாலையில் படுத்த பெரியவரின் கல்லீரலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் அவருடைய சொந்த எதிர்ப்புச் செல்களே. வைரஸை விரட்டி அவரைத் தேற்றுவதும் அவைதாம். பிறகு எப்படிக் குற்றம் சாட்டுவது?

பர்னெட்டின் அழகான கணக்கும் முழுசாகத் தேறவில்லை. 1960களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் ஓல்ட்ஸ்டோனும் டிக்ஸனும், வைரஸோடு சமாதானமாக வாழ்வதாக நம்பப்பட்ட அந்த எலிகளை ஆராய்ந்தார்கள். சிறுநீரகத்தில் வைரஸும் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் பிணைந்து படிந்திருந்தன. டி செல்கள் சும்மா இருந்தபோதும் ஆன்டிபாடி உற்பத்தி நிற்கவே இல்லை. சில இனத்து எலிகள் அந்தச் சிறுநீரக நோயாலேயே செத்தன.