அந்தத் தலை யாருடையது?

எதிர்வீட்டு மாடியில் செல்போன் டவர் வந்த மாதமே அம்மா கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். "அந்தச் சூடு தலைக்குள்ள போகுமாமே கண்ணு?" என்று போனில் கேட்டார். மின்காந்த அலை உடல் திசுவை எப்படிச் சூடாக்கும் என்று கணினியில் கணிக்கும் மென்பொருளில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். "ஒண்ணும் ஆகாதும்மா, கணக்குப் போட்டுப் பாத்தாச்சு" என்றேன்.

அந்தக் கணக்கு இதுதான். அலை திசுவுக்குள் போகப்போக வலுவிழக்கிறது. இழந்த ஆற்றல் வெப்பமாகிறது. ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பது அளவுகோல். அந்த வெப்பத்தில் கொஞ்சம் பக்கத்துத் திசுவுக்குப் பரவும், மீதியை ரத்தம் வாரிக்கொண்டு போகும். 1948இல் ஹாரி பென்னஸ் மனித முன்கையின் வெப்பநிலையை அளந்து எழுதிய சமன்பாடு இன்றும் இதற்கு அடிப்படை. விழிவில்லையில் ரத்தக்குழாய் இல்லை. அதனால் அங்கே சேரும் சூடு எளிதில் வெளியேறாது என்பதும் இதிலிருந்தே புரியும்.

ஆனால் "ஒண்ணும் ஆகாது" என்பது சமன்பாட்டின் எந்த வரியிலும் இல்லை. அது டிகிரியை மட்டும்தான் சொல்லும். உடல் முழுக்கக் கிலோவுக்கு 4 வாட் என்பதை எல்லையாக எடுத்து, அதை 50ஆல் வகுத்துப் பொதுமக்களுக்கு 0.08 வாட் என்று சர்வதேச வரம்பு வைத்தார்கள். குழந்தை, நோயாளி, வெயிலில் வேலை செய்பவர் எல்லோரையும் மனதில் வைத்து வகுத்த 50 அது. இந்தியா 2012இல் டவர்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. இரண்டுமே மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

பொங்கலுக்குப் போனபோது அம்மா கேட்டார்: "யாரு தலைய வச்சுப் போட்ட கணக்கு?"

செல்போன் சோதனைக்கு வைக்கும் பொம்மைத்தலை, 1988இல் அமெரிக்க ராணுவ ஆண்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. மோசடி இல்லை, எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான் பெரிய தலையாக எடுத்தார்கள். அதையும் சொன்னேன்.

"நம்ம தண்ணிக்கும் எவனாவது கணக்குப் போட்டிருப்பான்" என்றார், காவி படிந்த பற்கள் தெரிய.

தருமபுரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தெளிந்த கிணற்றுநீரில் கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஆனால் மே மாத வெயிலில் களை வெட்டுகிறவர் எத்தனை லிட்டர் குடிப்பார்? அதைப் பார்த்து நாடுகள் தங்கள் வரம்பை வைக்க வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஒகேனக்கல் குடிநீர் இங்கே வந்து சேர 2013 ஆனது. அதற்குள் ஒரு தலைமுறைக்குப் பல் கறைபட்டுவிட்டது.

டவர் ஆபத்து என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். காதில் ஒட்டிய போன்தான் பொதுவாகத் தலைக்கு அதிக ஆற்றலைத் தருகிறது. சிக்னல் குறைந்தால் அது இன்னும் சக்தியைக் கூட்டும். என் எண்கள் தப்பில்லை. யாரோ எடுத்த முடிவைக் கணக்கின் விடை மாதிரி சொன்னேனே, அதுதான் தப்பு. கணக்கை நம்பச் சொல்லலாம். முடிவை நம்பச் சொல்வதென்றால் அதை யார் எடுத்தார்கள், எந்த உடம்பை நினைத்து எடுத்தார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

"எவ்ளோ சூடாகும்னு எனக்குத் தெரியும்மா. எவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு சொன்னது வேற ஆளுங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

கட்டில் இன்னும் பின்னறையில்தான் கிடக்கிறது. போனை மட்டும் இப்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார்.